விண்டோஸ் 11-க்கு மாறலாமா? முதலில் மேசையைச் சுற்றிப் பாருங்கள்

பாலக்கோட்டில் ஒரு தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறான் என் சித்தி மகன். ஒரு நாள் விடிகாலை ஐந்தரை மணிக்குப் போன் செய்தான். ஏலம் தொடங்குகிற நேரம். பின்னால் லாரி ஹாரனும் தக்காளிப் பெட்டி இறக்குகிற சத்தமும் கேட்டது.

"அண்ணா, சிஸ்டத்துல ஸ்கிரீன் முழுக்க என்னமோ வந்து நிக்குது. விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் முடிஞ்சு போச்சாம். இன்னைக்கு பில் போட முடியுமா முடியாதா, அத மட்டும் சொல்லுங்க."

"போடலாம்டா. கீழே அப்புறம் நினைவுபடுத்துன்னு ஒரு பட்டன் இருக்கும் பாரு. அத அமுக்கிட்டு வேலையப் பாரு. ஏலம் முடிஞ்சதும் நான் வரேன்."

தர்மபுரியில் நான் ஜாப் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். இரண்டு சிஸ்டம், ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு கலர் பிரிண்டர். இதே கேள்வியை என் கடைக்கு வருகிறவர்களும் கேட்கிறார்கள். புதுசு போட்டுவிடலாமா, பழையதே போதுமா, கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டுமா? ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாத கேள்வி இது. ஆனால் எதைப் பார்த்து முடிவு செய்வது என்று தெரிந்துகொண்டால் அவரவர் பதிலை அவரவரே கண்டுபிடித்துவிடலாம். கணினி பற்றி அதிகம் தெரியாதவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

விண்டோஸ் என்பது ஓர் ஓஎஸ், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டம். முதலில் ஓஎஸ் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். மண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். மாரண்டஅள்ளிப் பக்கத்திலிருந்து தக்காளி கொண்டு வரும் விவசாயிக்கு, அதை வாங்கப் போகிற வெளியூர் வியாபாரியைத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. சரக்கை இறக்க இடம் காட்டுவது, எடை போடுவது, யார் சரக்கு முதலில் ஏலத்துக்கு என்று முறை வைப்பது, பணத்தை வாங்கிக் கொடுப்பது எல்லாம் மண்டிக்காரர் பொறுப்பு. கணினிக்குள் அந்த மண்டிக்காரர் இடத்தில் இருப்பதுதான் ஓஎஸ். கணக்கு எழுதும் மென்பொருளான டேலியில் ஒரு பில்லை அச்சடிக்கச் சொன்னால், டேலி நேராகப் பிரிண்டரோடு பேசுவதில்லை. ஓஎஸ்ஸிடம் கொடுக்கிறது. ஓஎஸ் அதை அந்தப் பிரிண்டருக்குப் புரியும் பாஷையில் மாற்றித் தருகிறது. அப்படி மாற்றித் தருகிற சின்ன மென்பொருளுக்குத்தான் டிரைவர் என்று பெயர்.

மண்டிக்காரர் மாறினால் என்ன ஆகும்? தக்காளி அதே தக்காளிதான், லாரியும் அதே லாரிதான். ஆனால் யாருக்கு எவ்வளவு பாக்கி, யார் பேச்சை நம்பலாம், எந்த லாரி எங்கே நிற்கும் என்ற பழக்கம் எல்லாம் திரும்பவும் ஏற்படுத்த வேண்டும். ஓஎஸ் மாற்றுவதும் அதுதான். சிரமம் புது விண்டோஸில் இல்லை. பழைய விண்டோஸை நம்பி மேசையைச் சுற்றி என்னென்ன நிற்கிறதோ அதில்தான் இருக்கிறது.

சப்போர்ட் முடிந்தது என்றால்

விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலை 29-ல். அதற்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்தது. அதற்காகக் கணினி நின்றுவிடாது. ஃபைல் அழியாது. மறுநாள் காலையும் வழக்கம் போலத்தான் ஆன் ஆகும். நின்று போனது மாதா மாதம் வந்துகொண்டிருந்த பழுதுபார்ப்பு மட்டும்.

ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மைக்ரோசாப்ட் விண்டோஸுக்கான பாதுகாப்பு அப்டேட்டுகளை வெளியிடுகிறது. நம் ஊர் நேரத்துக்கு அது பெரும்பாலும் அன்று இரவு. விண்டோஸ் கோடிக்கணக்கான வரிகளில் எழுதிய மென்பொருள். அதில் எங்காவது ஓட்டை இருந்துகொண்டேதான் இருக்கும். யாராவது ஒன்றைக் கண்டுபிடித்ததும் அதை அடைத்து அனுப்புகிறார்கள். ஆதரவு முடிந்த பிறகு ஓட்டைகள் தெரிய வந்துகொண்டே இருக்கும், அடைப்பு மட்டும் வராது. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. விண்டோஸ் 10-லிருந்து வளர்ந்ததுதான் விண்டோஸ் 11. உள்ளே நிறையப் பகுதிகள் இரண்டுக்கும் பொது. 11-க்கு ஓர் அடைப்பு வரும்போது, எங்கே அடைத்திருக்கிறார்கள் என்று பார்த்தாலே, அடைக்காத 10-ல் எங்கே நுழையலாம் என்று திருடனுக்குத் தெரிந்துவிடும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை, நடந்திருக்கிறது. 2017 மே 12-ம் தேதி வான்னாகிரை என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது. கணினியில் இருக்கிற ஃபைல்களை எல்லாம் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளில் சிகிச்சைகளையே தள்ளி வைத்தார்கள். அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாப்ட் மார்ச் 14-ம் தேதியே அடைப்பு கொடுத்துவிட்டது. இரண்டு மாதம் முன்னாலேயே! அப்டேட் போட்டிருந்தவர்கள் தப்பித்தார்கள். தள்ளிப் போட்டவர்கள் மாட்டிக்கொண்டார்கள். விண்டோஸ் எக்ஸ்பி வைத்திருந்தவர்களுக்கோ தள்ளிப் போட அப்டேட்டே இல்லை. எக்ஸ்பியின் ஆதரவு 2014 ஏப்ரல் 8-லேயே முடிந்திருந்தது. வைரஸ் பரவிய பிறகுதான் அவர்களுக்காக அவசரமாக ஓர் அடைப்பு வந்தது.

"ஆன்டிவைரஸ் இருக்கே, போதாதா?" என்று கேட்பார்கள். விண்டோஸ் 10-க்குள் இருக்கும் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸுக்கு வைரஸ் அடையாளங்கள் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாப்ட் சொல்லியிருக்கிறது, அது நல்லதுதான். ஆனால் ஆன்டிவைரஸ் வாசலில் நிற்கிற காவல்காரர் மாதிரி. பின்சுவரில் ஓட்டை இருந்தால் அதை அடைப்பது அவர் வேலை இல்லை.

இன்னொரு பாதிப்பு மெதுவாக வரும். விண்டோஸ் 7-ன் ஆதரவு 2020 ஜனவரி 14-ல் முடிந்தது. அதற்கப்புறமும் மூன்று வருஷம் குரோம் அதில் புதுசாக வந்துகொண்டிருந்தது. 2023-ல் 109-ம் பதிப்போடு நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு பிரவுசர் பழசாகிக்கொண்டே போனது. நாளாக நாளாக சில இணையதளங்கள் சரியாகத் திறக்காது, உங்கள் பிரவுசரை மேம்படுத்துங்கள் என்று சொல்லும். விண்டோஸ் 10-க்கும் அந்தக் காலம் ஒரு நாள் வரும். எனவே மாறாமல் இருப்பது என்பது காலத்துக்கும் செல்லும் முடிவு இல்லை, கொஞ்ச நாள் அவகாசம் எடுத்துக்கொள்வது மட்டும்தான்.

உங்கள் கணினிக்குத் தகுதி இருக்கிறதா

சரியான உரிமம் உள்ள விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு மாறப் பணம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் விண்டோஸ் 11 எல்லாக் கணினியிலும் ஏறாது. மைக்ரோசாப்ட் கேட்பவை: 64 பிட் பிராசசர் (கணினியின் மூளை), அதுவும் அவர்கள் பட்டியலில் இருக்க வேண்டும். 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0, செக்யூர் பூட் (நம்பகமான ஓஎஸ் மட்டும் ஆன் ஆக விடும் பாதுகாப்பு முறை) செய்யக்கூடிய மதர்போர்டு.

இதில் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது பிராசசரில்தான். மத்தியானம் மண்டிக்குப் போனதும் நான் செய்த முதல் வேலை அதைப் பார்த்ததுதான். செட்டிங்ஸ் திறந்து, அதில் சிஸ்டம் போய், இடது பக்கப் பட்டியலின் கடைசியில் இருக்கும் அபௌட்டை அமுக்கினால் பிராசசர் பெயர் தெரியும். தம்பியின் சிஸ்டத்தில் ஐ3-7100 என்று இருந்தது. அந்த எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கோட்டுக்கு அப்புறம் வருகிற நான்கு இலக்கத்தில் பொதுவாக முதல் இலக்கம்தான் தலைமுறை. 7100 என்றால் ஏழாம் தலைமுறை. ஐ5-3470 என்றால் மூன்றாம் தலைமுறை. 10400 போல ஐந்து இலக்கம் இருந்தால் முதல் இரண்டைச் சேர்த்துப் படிக்க வேண்டும், அது பத்தாம் தலைமுறை. முன்னால் இருக்கிற ஐ3, ஐ5, ஐ7 என்பது வேறு விஷயம். நிறையப் பேர் "நம்மளோடது ஐ7, எல்லாம் ஏறும்" என்று நினைக்கிறார்கள். மூன்றாம் தலைமுறை ஐ7-க்கு அனுமதி இல்லை, எட்டாம் தலைமுறை ஐ3-க்கு உண்டு.

இன்டெல்லில் எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும்தான் பொதுவாக அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஏஎம்டி என்றால் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசையிலிருந்து. மேசைக் கணினிகளுக்கான எட்டாம் தலைமுறை 2017 கடைசியில்தான் சந்தைக்கு வந்தது. அதற்கு முன்னால் வாங்கிய கணினி என்றால் பார்க்காமலே சொல்லிவிடலாம், ஏறாது. தம்பியுடையது ஒரே ஓர் எண்ணில் தவறிவிட்டது.

டிபிஎம் என்பது ரகசியச் சாவிகளைப் பத்திரமாக வைக்கிற ஒரு பாதுகாப்புப் பகுதி. எட்டாம் தலைமுறைக் கணினிகளில் அது அநேகமாக பிராசசரோடு சேர்ந்தே இருக்கும், ஆனால் பயாஸில் (கணினி ஆன் ஆகும்போது விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அடிப்படை மென்பொருளில்) அணைத்து வைத்திருக்கலாம். "டிபிஎம் இல்லைன்னு வருது, புது மதர்போர்டு போடணுமாம்" என்று சொல்லிக்கொண்டு வந்த இரண்டு பேருக்கு பயாஸுக்குள் போய் அதை ஆன் செய்துகொடுத்தேன். ஒரு ரூபாய் செலவில்லை. புது போர்டு வாங்குவதற்கு முன்னால் இதைப் பார்க்கச் சொல்லுங்கள். இன்டெல்லில் அந்த இடத்தில் பிடிடி என்றும், ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்றும் எழுதியிருக்கும். எல்லாவற்றையும் ஒன்றாகச் சோதிக்க பிசி ஹெல்த் செக் என்ற இலவச மென்பொருளை மைக்ரோசாப்டே தருகிறது.

4 ஜிபி ரேம் போதும் என்று அவர்கள் சொன்னாலும் என் அனுபவத்தில் 8 ஜிபி வேண்டும். அதைவிட முக்கியம் எஸ்எஸ்டி, அதாவது ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான டிஸ்க். பழைய ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் 11-ஐ ஏற்றினால், காலையில் ஆன் செய்துவிட்டு டீ குடித்து வரலாம், அப்போதும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

தகுதி இல்லாத கணினியில் குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்பவர்கள் இருக்கிறார்கள். ஏற்ற முடியும், உண்மைதான். ஆனால் அப்படி ஏற்றிய கணினிக்கு அப்டேட் வரும் என்று உறுதி கிடையாது என்று மைக்ரோசாப்ட் தெளிவாகவே எழுதியிருக்கிறது. அப்டேட்டுக்காகத்தானே மாறுகிறோம்! கோர் 2 டுவோ காலத்துக் கணினிகளில் குறுக்கு வழியும் இல்லை. 2024-ல் வந்த பதிப்பிலிருந்து அந்த பிராசசர்களில் விண்டோஸ் 11 ஆன் ஆகவே ஆகாது. கடை, மண்டி, அலுவலகம் என்று பிழைப்புக்கான கணினியில் குறுக்கு வழி வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

மேசையைச் சுற்றி

இப்போதுதான் முக்கியமான பகுதிக்கு வருகிறோம். ஒரு தாளை எடுத்துக்கொண்டு, கணினியோடு சேர்ந்திருப்பதை எல்லாம் எழுதுங்கள். பின்னால் எந்த ஒயர் போகிறது என்று கையால் தடவிப் பார்த்து எழுத வேண்டும். மண்டியில் நாங்கள் எழுதிய பட்டியல் இது: பில் போடுகிற டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், எலக்ட்ரானிக் தராசிலிருந்து வரும் ஒயர், டேலி, தமிழில் பெயர் அடிக்கும் பழைய எழுத்துரு, வாட்ஸ்அப். ஐந்தே ஐந்து. அதில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு கதை இருக்கிறது.

பிரிண்டர் விஷயத்தில் அதிகம் பயப்பட வேண்டாம். 64 பிட் விண்டோஸ் 10-ல் ஓடுகிற பிரிண்டர் அநேகமாக 11-லும் ஓடும். ஆனால் உங்கள் விண்டோஸ் 10 எத்தனை பிட் என்று பாருங்கள். அதே அபௌட் பக்கத்தில் இருக்கும். 2 ஜிபி, 3 ஜிபி ரேம் உள்ள பழைய சிஸ்டங்களில் நிறையப் பேர் 32 பிட் போட்டு வைத்திருக்கிறார்கள். விண்டோஸ் 11-ல் 32 பிட் பதிப்பே கிடையாது. 32 பிட்டிலிருந்து நேராக மேலே ஏற்றவும் முடியாது, முழுசாகப் புதிதாகத்தான் போட வேண்டும். 32 பிட் டிரைவர்கள் 64 பிட்டில் வேலை செய்யாது. "போன வாரம் வரைக்கும் ஓடுச்சே" என்று வருத்தப்படுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டியிருப்பார்கள்.

டாட் மேட்ரிக்ஸில் வேறொரு கேள்வி, ஒயர். தம்பியின் பிரிண்டர் அகலமான பழைய பேரலல் ஒயரில் ஓடுகிறது. தராசு ஒயர் ஒன்பது ஊசி உள்ள சீரியல் ஒயர். புதுக் கணினிகளில் பெரும்பாலும் இந்த இரண்டு ஓட்டையும் இருக்காது. யுஎஸ்பிக்கு மாற்றுகிற கன்வர்ட்டர் கிடைக்கும். ஆனால் பழைய சிப் உள்ள சில கன்வர்ட்டர்களைப் புது டிரைவர்கள் ஏற்பதில்லை. வாங்கும்போதே விண்டோஸ் 11-ல் போட்டுக் காட்டச் சொல்லி வாங்குங்கள்.

டேலி பிரைம் விண்டோஸ் 11-ல் நன்றாகவே ஓடும். கணினியையே மாற்றுவதாக இருந்தால், அல்லது ஃபார்மட் போடுவதாக (பழையதை அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவதாக) இருந்தால், முதலில் பழையதில் லைசன்ஸை சரண்டர் செய்துவிட வேண்டும். அந்த வசதி டேலிக்குள்ளேயே இருக்கிறது. செய்யாமல் ஃபார்மட் போட்டுவிட்டுப் புதுசில் லைசன்ஸ் ஏறவில்லை என்று அலைவது வீண் வேலை. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், விரல் ரேகைக் கருவி வைத்திருக்கிற இ-சேவை மையத்துக்காரர்கள் அந்தக் கருவியின் நிறுவனத் தளத்தில் விண்டோஸ் 11 டிரைவர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

எழுத்துருவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், நம்மைப் போலத் தமிழில் வேலை செய்கிறவர்கள் அதிகம் அடிபடுவது இதில்தான். பழைய பாமினி எழுத்துருவில் அடித்த ஒரு கல்யாணப் பத்திரிகையைப் புதுக் கணினியில் திறந்தால், "தமிழ்" என்று இருந்த இடத்தில் ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்துகள் நிற்கும். ஃபைல் கெட்டுவிட்டது என்று பதறிப் போவார்கள். கெடவில்லை. ஃபைலுக்குள் எப்போதுமே இருந்தது அந்த ஆங்கில எழுத்துகள்தான். ஜே வந்தால் 'த' மாதிரி வரை, கே வந்தால் 'ம' மாதிரி வரை, அரைப்புள்ளி வந்தால் மேலே புள்ளி வை என்று அந்த எழுத்துரு சொல்லிக்கொண்டிருந்தது. எழுத்துரு போய்விட்டால் வேஷம் கலைந்துவிடுகிறது. யூனிகோடு அப்படி இல்லை. அதில் 'த' என்றால் உலகத்தில் எந்தக் கணினியிலும் 'த'தான். தமிழ்நாடு அரசும் 2010-ல் யூனிகோடைத் தன் தரமாக அறிவித்துவிட்டது. ஆனால் இருபது வருஷமாகச் சேர்ந்த பழைய ஃபைல்கள் பழைய எழுத்துருவில்தான் இருக்கின்றன. எனவே ஃபார்மட் போடுவதற்கு முன்னால் சி டிரைவில் விண்டோஸுக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் எடுத்து வையுங்கள். இனிமேல் அடிப்பதை யூனிகோடில் அடிக்கப் பழகுங்கள். தமிழ்99 விசைப்பலகை விண்டோஸுக்கு உள்ளேயே இருக்கிறது, தனியாக எதுவும் வாங்க வேண்டாம்.

சில பழைய எழுத்துருத் தொகுப்புகளுக்கும் டிசைன் மென்பொருள்களுக்கும் டாங்கிள் என்று பின்னால் செருகுகிற ஒரு பூட்டு உண்டு. அதற்கும் டிரைவர் வேண்டும். என் கடையில் ஐ5-3470 உள்ள பழைய சிஸ்டத்தில் பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கரும் அப்படி ஒரு டாங்கிளும் இருக்கின்றன. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பே 2001-ல் வந்தது. அந்த டாங்கிளுக்குப் புது டிரைவர் எங்கே தேடியும் எனக்குக் கிடைக்கவில்லை. அந்த சிஸ்டத்தை நான் மாற்றவில்லை, மாற்றவும் போவதில்லை. நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டேன். பழைய பத்திரிகை, பழைய நோட்டீஸ் திருத்துவதற்கு மட்டும் வைத்திருக்கிறேன். இணையத்தில் இல்லாத கணினிக்கு சப்போர்ட் முடிந்தது அவ்வளவு பெரிய ஆபத்து இல்லை. அதில் செருகுகிற பென்டிரைவை மட்டும் முதலில் புது சிஸ்டத்தில் ஸ்கேன் செய்துவிட்டுத்தான் செருகுவேன்.

முன்னால் நான் இழந்தது

2020-ல் விண்டோஸ் 7-லிருந்து 10-க்கு மாறினபோது இந்தப் பட்டியல் எதுவும் நான் எழுதவில்லை. தெரிந்த ஒருவர் ஃபார்மட் போட்டுக் கொடுத்தார். "டி டிரைவ்ல இருக்கறது எதுவும் போகாதுங்க" என்றார். அவர் சொன்னது சரிதான், டி டிரைவில் ஒன்றும் போகவில்லை. ஆனால் அவசரத்துக்கு எல்லாவற்றையும் டெஸ்க்டாப்பில் போட்டு வைப்பது என் பழக்கம். டெஸ்க்டாப் கண்ணுக்கு முன்னால் தெரிவதால் தனி இடம் என்று தோன்றும். உண்மையில் அது சி டிரைவுக்குள் இருக்கிற ஒரு ஃபோல்டர். டாக்குமெண்ட்ஸும் டவுன்லோட்ஸும் அப்படித்தான். ஃபார்மட் போட்டதும் மூன்று வருஷத்துப் பத்திரிகை டிசைன்கள் ஒரே மத்தியானத்தில் போய்விட்டன. அடுத்த மாதம் காரிமங்கலத்திலிருந்து ஓர் அம்மா, இறந்துபோன தன் வீட்டுக்காரருக்கு நான் செய்து கொடுத்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரிலிருந்து அந்தப் போட்டோவை மட்டும் எடுத்துத் தரச் சொல்லி வந்தார். அந்த அளவு தெளிவான போட்டோ அவரிடமும் இல்லை. என்னிடமும் இல்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். இன்றைக்கும் மனசை உறுத்துகிற விஷயம் அது.

எனவே ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். யார் வந்து எதைப் போட்டாலும், அதற்கு முந்தின நாள் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ், டேலி டேட்டா, ஃபான்ட்ஸ் இந்த ஐந்தையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுங்கள். எடுத்ததை வேறொரு கணினியில் செருகி, நாலு ஃபைலைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது.

அப்கிரேட் என்பதும் ஃபார்மட் போடுவது என்பதும் வேறு வேறு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அப்கிரேட் என்றால் உங்கள் ஃபைலும் மென்பொருளும் இருந்த இடத்திலேயே இருக்க, கீழே விண்டோஸ் மட்டும் மாறும். மா விவசாயிகளுக்குச் சொன்னால் உடனே புரியும். வளர்ந்த மரத்தை வெட்டாமல் அதிலேயே வேறு ரகத்தை ஒட்டுக் கட்டுவது மாதிரி அது. ஃபார்மட் என்றால் வேரோடு பிடுங்கிவிட்டுப் புதுக் கன்று நடுவது. அப்கிரேட் செய்து பிடிக்கவில்லை என்றால் பத்து நாளுக்குள் செட்டிங்ஸிலேயே பழையதற்குத் திரும்பிப் போகலாம். ஃபார்மட்டுக்கு அந்த வசதி இல்லை. தகுதியுள்ள, ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிற கணினி என்றால் அப்கிரேட் செய்யுங்கள். வைரஸ் பிடித்தது, கிராக் (உரிமம் இல்லாத திருட்டு விண்டோஸ்) போட்டது, ரொம்ப மெதுவாகிப் போனது என்றால் மட்டும் ஃபார்மட்.

டவுன்லோட் ஐந்து ஜிபிக்கு மேல் வரும். போன் ஹாட்ஸ்பாட்டில் தொடங்கிவிட்டு நடுவில் டேட்டா தீர்ந்து நிற்காதீர்கள். யுபிஎஸ் இல்லாமல் கை வைக்காதீர்கள், ஏறிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் விண்டோஸே திறக்காமல் போகலாம். ஜிஎஸ்டி கணக்கு வைத்திருக்கிற கடைக்காரர்கள் மாதா மாதம் கணக்குத் தாக்கல் செய்யும் 11, 20 தேதிகள் இரண்டும் தாண்டியபின் செய்யுங்கள்.

புதிதாக விண்டோஸ் 11 போடும்போது மைக்ரோசாப்ட் கணக்கு ஒன்று கேட்கும். கடைப் பையன் தன் போன் நம்பரில் ஒரு கணக்கைத் தொடங்கி முடித்துக் கொடுத்துவிடுவான். அப்படி விடாதீர்கள். புது விண்டோஸ் 11-ல் டிஸ்க் தானாகவே பூட்டு முறைக்குப் போய்விடலாம். அதன் சாவி 48 இலக்க எண். அது அந்தக் கணக்கில்தான் சேமித்திருக்கும். மதர்போர்டு மாற்றினாலோ பயாஸில் ஏதாவது மாறினாலோ அந்த எண்ணைக் கேட்கும். கணக்கு யாருடையது என்றே தெரியாமல் பூட்டிய டிஸ்க்கோடு என் கடைக்கு வந்தவரைப் பார்த்திருக்கிறேன், ஒன்றும் செய்ய முடியவில்லை. உங்கள் மின்னஞ்சலில் தொடங்குங்கள், அந்த 48 இலக்கத்தைப் பார்த்துக் கணக்கு நோட்டில் எழுதி வையுங்கள்.

பார்வைக்கு வந்திருக்கிற மாற்றங்களைப் பற்றிக் கேட்கிறார்கள். ஸ்டார்ட் பட்டன் நடுவில் வந்திருக்கிறது, வேண்டுமென்றால் செட்டிங்ஸில் இடது பக்கம் வைத்துக்கொள்ளலாம். ரைட் கிளிக் மெனு கொஞ்சம் மாறியிருக்கிறது. ஒரு வாரத்தில் பழகிவிடும்.

ஏறாத கணினியை என்ன செய்வது

தூக்கிப் போட வேண்டியதில்லை. தனிநபர் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டை நீட்டித்துத் தரும் திட்டம் ஒன்றை மைக்ரோசாப்ட் அறிவித்தது. விண்டோஸ் 10-ன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும், மைக்ரோசாப்ட் கணக்கு வேண்டும். செட்டிங்ஸை அந்தக் கணக்கோடு ஒத்திசைத்தால் இலவசம். இல்லாவிட்டால் 30 டாலர், அல்லது அவர்களுடைய ரிவார்ட்ஸ் புள்ளிகள் 1000. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதிவு செய்யும் இணைப்பு வரும். இதில் புதிய வசதி எதுவும் வராது, அடைப்பு மட்டும் வரும். நமக்கு வேண்டியதும் அதுதான்.

பழைய கணினியை லினக்ஸ் என்ற வேறோர் இலவச ஓஎஸ்ஸுக்கு மாற்றுவது இன்னொரு வழி. 2011-லிருந்து அரசு தந்த விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்ததை நம் வீட்டுப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கியது அது. இப்போது புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு லினக்ஸ் மிண்ட் எளிது. அதன் 22-ம் பதிப்புக்கு 2029 வரை அப்டேட் உண்டு, காசு கிடையாது. பென்டிரைவில் போட்டு, கணினியில் ஏற்றாமலே ஓட்டிப் பார்க்கலாம். நெட் பார்க்க, படிக்க, லிப்ரே ஆபிஸில் தட்டச்சு செய்ய, தமிழ்99-ல் அடிக்க எல்லாம் தாராளமாகப் போதும். ஆனால் டேலி அதில் நேராக ஓடாது, பேஜ்மேக்கரும் ஓடாது. பில் போடுகிற சிஸ்டத்துக்கு லினக்ஸ் சரிவராது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது, வேறு கணினி வாங்குவது. நம் மாவட்டத்துக்காரர்கள் பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்குப் போய் அலுவலகங்களில் கழித்த செகண்ட்ஹேண்ட் கணினி வாங்கி வருவது வழக்கம். நல்லதுதான். ஆனால் ஐ5, ஐ7 என்று ஸ்டிக்கரைப் பார்த்து ஏமாறாமல், கடையிலேயே ஆன் செய்து அபௌட் பக்கத்தில் எண்ணைப் படியுங்கள். தலைமுறை 8-க்குக் கீழே இருந்தால், எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் வைத்துவிட்டு வாருங்கள். குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றி வைத்திருப்பார்கள், திரையை மட்டும் பார்த்தால் தெரியாது. விண்டோஸ் ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா, அது கிராக்கா என்றும் கேளுங்கள். கிராக் போட்ட விண்டோஸில் கணக்குவழக்கு வைப்பது, சாவியைத் தெரியாதவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே தூங்குவது மாதிரி.

மண்டியில் நாங்கள் இப்படிச் செய்தோம். அன்றைக்கே அந்த நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்துவிட்டு, அவசரப்படாமல் பத்தாம் தலைமுறை ஐ3 ஒன்றை 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டியோடு பார்த்து வாங்கினோம். வரத்து குறைந்த ஒரு வாரமாகப் பார்த்து இரண்டையும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். பில் எல்லாம் பழையதில்தான். மத்தியானத்துக்கு மேல் பட்டியலில் இருந்த ஒவ்வொன்றையும் புதுசில் செருகிப் பார்த்து டிக் அடித்தோம். பிரிண்டர் முதல் நாளே ஓடியது. தராசுக்கு வாங்கிய கன்வர்ட்டர் ஓடவில்லை, திருப்பிக் கொடுத்து வேறு வாங்கினோம். நாலாவது நாள் தராசில் வைத்த எடை திரையில் வந்தது. ஆறாவது நாள் பழையதில் டேலி லைசன்ஸை சரண்டர் செய்தோம். ஏழாவது நாள் விடிகாலை முதல் பில் புதுசில் அடித்தபோது தம்பி போன் செய்தான். பின்னால் அதே லாரி ஹாரன் கேட்டது.

"ஓடுதுண்ணா" என்றான். அவ்வளவுதான், வைத்துவிட்டான். பழைய ஐ3-7100 இப்போது அவன் வீட்டில் இருக்கிறது. லினக்ஸ் மிண்ட் போட்டுக் கொடுத்தேன். அவன் பெண் அதில் பாடம் படிக்கிறாள்.